நான்கு கால் கொள்ளைக்காரன்

"தொப்பிக்குக் கீழே பார்க்காதே, பார்த்தாயானால்..." என்று கத்பர்ட் ஒன்று சொல்வார், அண்ணாச்சி. பார்த்தால் கண் போய்விடும் என்றாரா, பார்த்தவன் அடுத்த வருஷம் தானே அந்தத் தொப்பியைச் சுமக்க வேண்டிவரும் என்றாரா, பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. முதல் பாதிதான் நினைவிருக்கிறது. அந்த முதல் பாதியையே நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று அவர் மனைவி யூலா சொல்வாள். அது அவள் கருத்து.

இப்போது நீங்கள் செய்ததைப் பார்த்ததும் இது ஞாபகம் வந்தது. தசராவுக்கு வேஷம் கட்டிய கூட்டம் பஸ்ஸில் ஏறித் தட்டை நீட்டிக்கொண்டு வருகிறது. எமன் உங்கள் முன்னால் வந்து நிற்கிறான். முகமெல்லாம் கறுப்புச் சாயம், கொம்பு வைத்த கிரீடம், கையில் பாசக்கயிறு. நீங்கள் சில்லறையைப் போட்டுவிட்டு, "ஏலே, நீ ஜெராக்ஸ் கடை சுயம்புல்லா? நாளைக்குக் கடை உண்டுமா?" என்கிறீர்கள். எமனும், "பத்து மணிக்குத் தொறந்துருவேன் அண்ணாச்சி" என்கிறான். நம் பக்கத்தில் இதில் தப்பே கிடையாது. நான் வேலை பார்த்த ஊரில் இப்படிக் கேட்டிருந்தீர்களானால் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி உங்களை இறக்கிவிட்டிருப்பான். நான் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன்.

டிரினிடாட். வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் பார்த்திருப்பீர்களே, அந்தத் தீவுகளில் ஒன்று. அங்கே ஒரு எரிவாயு ஆலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. காற்று எவ்வளவு போகிறது என்று ஒரு முள் காட்டும். முள் சொல்வது உண்மையா என்று நான் பார்க்க வேண்டும். குடும்பம் நாகர்கோவிலில் இருந்தது, பிள்ளைகள் படிப்புக்காக. நான் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு மேட்டுத் தெருவில், மரவீட்டின் மாடியில் இருந்தேன். கீழ்வீட்டில் கத்பர்ட்டும் யூலாவும். கத்பர்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியிருக்கும். ஆறடி ஆள்.

வருஷம் பூராவும் அவர் ஒரு சாதாரண மனிதர். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின திங்களும் செவ்வாயும் அந்த ஊரில் கார்னிவல். அந்த இரண்டு நாள் அவர் கொள்ளைக்காரன்.

பெரிய ரோட்டில் இறகும் பாசிமணியும் பாட்டு லாரியுமாக ஆயிரக்கணக்கில் ஆடிக்கொண்டு போவார்கள். அதைத்தான் டிவியில் காட்டுவார்கள். எங்கள் மேட்டுத் தெருவில் பழைய வேஷங்கள். உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிய பேய்கள் காசு கேட்டு நாக்கை நீட்டும். மாடி ஜன்னல் உயரத்துக்கு மரக்கால் கட்டி நடந்து வருவான் ஒருவன். நம் கோயில் கொடையில் மரக்கால் ஆட்டம் பார்த்திருக்கிறேன் என்று அங்கே பலரிடம் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவற்றில் ஒரு வேஷம்தான் நள்ளிரவுக் கொள்ளைக்காரன். பெயர்தான் நள்ளிரவு, வருவதெல்லாம் மத்தியானம். குடை அகலத்துக்குத் தொப்பி, அதன் உச்சியில் சின்னச் சவப்பெட்டி, விளிம்பைச் சுற்றிக் கண்ணை மறைக்கிற மாதிரி குஞ்சம். தரையில் புரளும் கறுப்பு அங்கி, அதில் மண்டையோடுகள். கையில் பொம்மைத் துப்பாக்கி, வாயில் விசில். விசிலை ஊதி உங்களை வழிமறிப்பான். மறித்துவிட்டுப் பேசுவான். அதுதான் அவன் கொள்ளை. தன் பிறப்பு, தன் வீரம், தான் செய்த அட்டூழியம் எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்கள் நகரக்கூடாது. அடிக்க மாட்டான், பிடுங்க மாட்டான். பேசியே கொல்வான். கேட்டு முடித்ததும் நீங்களாக ஒரு காசு போடுவீர்கள், விட்டால் போதும் என்று.

சிரிக்காதீர்கள். திசையன்விளை வர இன்னும் நேரம் இருக்கிறது.

ஒவ்வொரு கொள்ளைக்காரனுக்கும் அவனவன் சொந்தப் பேச்சு. இரவல் பேச்சு பேசுகிறவன் கொள்ளைக்காரனே இல்லை, தொப்பி போட்ட ஆள், அவ்வளவுதான். கத்பர்ட்டின் பேச்சு நாற்பது வருஷமாகச் சேர்த்தது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வேஷத்துக்குள் யார் என்று யாரும் கேட்கக்கூடாது, சொல்லவும் கூடாது. அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள். அங்கே முகமூடி போட்டு வருவது ஆள் இல்லையாம். செத்துப்போனவர்கள் ஊரைப் பார்க்கத் திரும்பி வருகிறார்களாம். புருஷனே முகமூடிக்குள் நின்றாலும் மனைவிக்கு அது யாரென்று தெரியாதாம்.

"அதெப்படி? நடையைப் பார்த்தாலே தெரியுமே" என்றேன் கத்பர்ட்டிடம்.

"தெரியும். ஆனா தெரியாது" என்றார்.

அளவுமானி பார்க்கிறவனுக்கு இந்தப் பதில் போதாது. இருந்தாலும் பெரியவர் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவும் கீழ்த்தெருவும் சந்திக்கிற முக்கில் வருஷாவருஷம் கார்னிவல் திங்கள் மத்தியானம் கத்பர்ட்டும், லெஸ்டர் என்கிற இன்னொரு கொள்ளைக்காரனும் மோதுவார்கள். லெஸ்டர் கீழ்த்தெருவில் மெத்தை தைக்கிறவன். அறுபது இருக்கும். மாறி மாறிப் பேச வேண்டும். எவனுக்குப் பேச்சு தீர்ந்து வாய் அடைக்கிறதோ அவன் விலகி வழி விட வேண்டும். ஜெயித்தவனுக்கு ஒரு வருஷத்துக்கு அந்த முக்கு சொந்தம். சொந்தம் என்றால் பட்டா எல்லாம் இல்லை. அவன் நடந்து வந்தால் முக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள், ஒருத்தன் பீர் வாங்கிக் கொடுப்பான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் கத்பர்ட் உயிரோடு இருந்தார்.

நான் சொல்லவந்த வருஷத்தில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியை எடுத்துவிட்டார்கள், குரலும் கூடவே போய்விட்டது. காதை வாயருகே கொண்டுபோனால் காற்று மட்டும் வரும். கிறிஸ்துமஸ் முடிந்து ஊரெல்லாம் வேஷம் தைக்கத் தொடங்கியது. கத்பர்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் எழவில்லை. ஒரு சாயங்காலம் யூலா மாடிப்படி ஏறி வந்தாள். அவர்கள் பேசுவது அந்த ஊர் இங்கிலீஷ். அதை அப்படியே சொன்னால் உங்களுக்கும் விளங்காது, எனக்கும் வாயில் நுழையாது. நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"முக்குக்கு வராத கொள்ளைக்காரன் செத்தவன்னு அர்த்தம். இந்த மனுஷன் கட்டிலை விட்டு எந்திக்க மாட்டாரு. நீதான் சத்தமாப் பேசுவியே, ஏதாச்சும் பண்ணேன்" என்றாள்.

நான் சத்தமாகப் பேசுகிறவன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியிலிருந்து வீட்டுக்குப் போன் பேசுவேன். நாகர்கோவிலுக்குக் கேட்க வேண்டுமே. இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் பேச்சுப் போட்டியில் நான்தான் முதல் பரிசு. வீட்டில் எவர்சில்வர் கிண்ணங்கள் எல்லாம் நான் பேசிக் கொண்டுவந்தவை. மாவட்ட அளவில் ஒரு சோப்பு டப்பா. குரல் என்று பார்த்தால் கத்பர்ட்டின் பழைய குரலுக்கு என்னுடையது இளைத்ததில்லை.

ஆகவே நான் ஒரு யோசனை சொன்னேன். கத்பர்ட் வழக்கம்போல் தொப்பியும் அங்கியுமாக முன்னால் நிற்பார், கையை வீசுவார், வாயை அசைப்பார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் அங்கிக்குள் நின்று பேசுவேன். நம் சினிமாவில் இல்லாததா? ஒருத்தர் நடிக்கிறார், ஒருத்தர் குரல் கொடுக்கிறார், படம் நூறு நாள் ஓடுகிறது. நான் ஐந்தடி மூன்று அங்குலம், மெலிந்த உடம்பு. கொஞ்சம் குனிந்தால் அவர் அக்குளுக்குக் கீழே என் தலை சரியாக நின்றது.

கத்பர்ட் கேட்டுவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு என் காதைப் பிடித்து இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"என் பேச்சை மட்டும் பேசணும். உன் பேச்சு ஒரு சொல்லு வரக்கூடாது. வெளியில தலை தெரியக்கூடாது."

சம்மதம் என்றேன்.

அவர் காற்றாகச் சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்தேன். கேளுங்கள், ஒரு துளி சொல்கிறேன்: "நில்! மூச்சை விடாதே, விட்டால் அது எனக்குச் சொந்தம்! நான் பிறந்த அன்று சூரியன் வேலைக்கு வரவில்லை. என்னைப் பார்த்த மருத்துவச்சி ஓடத் தொடங்கினாள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள். மூன்று வயதில் தாகம் எடுத்தது, கடலைக் குடித்தேன். மீன்களெல்லாம் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயின!" எப்படி? பஸ்ஸில் என்பதால் மெதுவாகச் சொன்னேன்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஒழுங்குதான் போதாது. எடுத்த எடுப்பில் "நில்" என்கிறது. அவையோருக்கு ஒரு வணக்கம் இல்லை. முன்னால் ஒரு வரி, "பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே" என்று சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எந்தக் கொள்ளைக்காரன்டே வணக்கம் சொல்லிட்டுக் கழுத்தறுக்கான்?" என்றார் கத்பர்ட். குரல் இல்லாவிட்டாலும் அவருக்குக் கோபம் வரும்.

வீட்டு வராந்தாவில் ஒத்திகை. அவர் வலது காலை எடுத்தால் நான் வலது கால், அவர் திரும்பினால் நான் திரும்ப வேண்டும். யூலா அரிசி புடைத்துக்கொண்டே பார்ப்பாள். "ஏன் கத்பர்ட், கழுதை வேஷம் போட்டிருந்தா இதைவிட லேசா இருந்திருக்குமே. இதுல முன்னங்கால் யாரு, பின்னங்கால் யாரு?" என்பாள். அங்கிக்குக் கீழே என் கால் தெரிகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அது ஒரு பெரிய விஷயமா? கடைக்குப் போய் கத்பர்ட்டுடையதைப் போலவே எனக்கும் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கி வந்தேன். நான்கு காலும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அங்கியில் வரைந்த ஒரு மண்டையோட்டின் கண்ணில் ஓட்டை போட்டுக்கொண்டோம், நான் வெளியே பார்ப்பதற்கு.

கார்னிவல் திங்கள். ஆலைக்கு லீவு போட்டேன். படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் கூட்டம் வழி விட்டது. ஒரு கிழவி, "ஆத்தாடி, இந்த வருஷம் கொள்ளைக்காரனுக்கு நாலு காலு. ரெட்டிப்புப் பயமா இருக்கே!" என்றாள். வேஷத்தைப் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மரக்கால் கட்டியவன் மேலே இருந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டான். மற்றபடி ஒருத்தருக்கும் தெரியவில்லை. அங்கிக்குள் வெயில், வியர்வை, கத்பர்ட்டின் தைல வாசனை. அவர் முதுகு என் நெற்றியில் இடித்துக்கொண்டே இருந்தது. முக்கு நெருங்க நெருங்க அவர் நடை தயங்கியது. நான் இருக்கிறேன் என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

லெஸ்டர் முக்கில் நின்றான். விசில் ஊதினான். அவன்தான் முதலில்.

"யாரது என் வழியில்? நான் தும்மினால் துறைமுகத்தில் கப்பல் கவிழும்! என் வலது பையில் மூன்று ராஜாக்களின் தலை, இடது பையில் அவர்கள் கேட்ட மன்னிப்பு! உன் கல்லறைக்கு நானே அளவெடுத்தேன் கிழவா, நீதான் அதற்குக் குட்டை!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவனிடம் இதைவிட நல்ல ஆயுதம் ஒன்று இருந்தது. கத்பர்ட்டின் தொண்டை ஆபரேஷன் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். உன் குரல் எங்கே கிழவா என்று ஒரு குத்து குத்தியிருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கும். அவனுக்கு அது தோன்றவில்லை. மெத்தை தைக்கிறவன்தானே, சமயோசிதம் போதாது.

எங்கள் முறை வந்தது. கத்பர்ட் கையைத் தூக்கினார். நான் "நில்!" என்றேன்.

ஒரு கணம் தெருவே நின்றது அண்ணாச்சி. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. குரல் அங்கிக்குள்ளிருந்து போய் எதிர்வீட்டுத் தகரத்தில் மோதித் திரும்பி வருகிறது. சூரியன் வேலைக்கு வரவில்லை என்றேன், சிரித்தார்கள். மருத்துவச்சி ஓடுகிறாள் என்றேன், குழந்தைகள் கத்தினார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குள் ஒரு வேகம் வந்தது. மீன் நடந்து போகிற இடத்துக்குப் பிறகு என் சொந்தச் சரக்கு இரண்டு வரி சேர்த்தேன். வேண்டும் என்று செய்யவில்லை, மேடையில் நிற்கிறவனுக்கு அது தானாக வரும். கத்பர்ட்டுக்கு அந்த வரிகள் தெரியாதே. அவர் வாய் ஓரிடத்தில் நின்றுவிட்டது, என் பேச்சு எங்கோ போய்க்கொண்டிருந்தது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது.

ஓட்டை வழியாக நான் லெஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்பர்ட்டின் வாயைப் பார்த்தான். பிறகு குனிந்து கீழே பார்த்தான். மறுபடி வாயைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது. நான் பேசி முடித்தேன். அவன் முறை. வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தான், மூடிக்கொண்டான். நாற்பது வருஷம் பேசிய வாய்! தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து வழி விட்டான். கண் கலங்கியிருந்தது. இன்றைக்கும் நான் சொல்வேன், என் இரண்டு வரிதான் அவனை வீழ்த்தியது. அவ்வளவு பயம் ஒரு மனிதன் முகத்தில் நான் பார்த்ததில்லை.

கூட்டம் கத்பர்ட்டைச் சூழ்ந்துகொண்டு குதித்தது. இந்த இடத்தில்தான் அண்ணாச்சி, ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதைப் பெரிதுபடுத்திவிட்டார்கள்.

நீங்களே சொல்லுங்கள். பேச்சுப் போட்டியில் பேசி முடித்தால் என்ன செய்வோம்? ஓர் அடி முன்னால் வந்து, வாய்ப்புக்கு நன்றி சொல்லி, பெயரும் ஊரும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தானே இறங்குவோம்? ஆறாம் வகுப்பிலிருந்து அதுதான் பழக்கம். கைதட்டல் கேட்டதும் என் கால் தானாக ஓர் அடி முன்னால் வந்துவிட்டது. அங்கியை விலக்கிக்கொண்டு, கத்பர்ட்டின் கைக்குக் கீழே தலையை நீட்டி, "வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி. தவசிமுத்து, திசையன்விளை. வணக்கம்" என்றேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. நானூறு ஐந்நூறு பேர் இருப்பார்கள், எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். கத்பர்ட் அசையவில்லை. மரம் மாதிரி நின்றார். எங்கோ ஒரு குழந்தை, "அம்மா, யாரு அது?" என்றது. அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

அதற்குள் லெஸ்டர் பாய்ந்து வந்தான். தன் அங்கியைக் கழற்றிக் கோழியைக் கூடை போட்டுக் கவிழ்ப்பதுபோல என் தலைமேல் போட்டு அமுக்கினான். அமுக்கிக்கொண்டே கொள்ளைக்காரன் குரலில் கத்தினான்:

"பார்த்தீர்களா! இந்தக் கிழவனின் நிழல்கூட இன்று தனியாக எழுந்து நடக்கிறது! நிழலுக்கே இவ்வளவு திமிர் என்றால் ஆளோடு நான் எப்படி மோதுவேன்? தோற்றேன்! தோற்றேன்!"

தெரு வெடித்தது. கத்பர்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மெத்தைப் பஞ்சு வாசனை அடிக்கிற அங்கிக்குள் கிடந்தேன். நிழலாம். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல்.

இது போகட்டும். என் மனக்குறை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சாம்பல் புதன் காலையில் ஆலைக்குப் போகும் வழியில் டபுள்ஸ் சாப்பிட நின்றேன். வட்ட ரொட்டிக்கு நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பை வைத்துத் தருவான், அதற்குப் பெயர் டபுள்ஸ். விற்கிறவன் முக்கில் முதல் வரிசையில் நின்றவன், என்னைக் கண்ணுக்குக் கண் பார்த்தவன். "எப்படி இருந்தது திங்கட்கிழமை?" என்று கேட்டேன்.

"நீ வரலியா? ஐயோ, என்ன ஆளுய்யா நீ! கத்பர்ட் பேசினான் பாரு, செத்துப்போன என் அப்பன் எந்திச்சு வந்து கேட்டிருப்பான். மீனெல்லாம் நடந்து வீட்டுக்குப் போச்சாம்!"

"நான் அங்கேதான் இருந்தேன். அங்கிக்கு உள்ளே."

"மிளகாய் கொஞ்சமா, நிறையவா?" என்றான்.

அவன் ஒருத்தன் என்றால் போகட்டும் என்று விடலாம். முடிவெட்டுகிறவன் அதையே சொன்னான். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு என் பேச்சை எனக்கே முழுதாகச் சொல்லிக்காட்டினான், நான் சேர்த்த இரண்டு வரி உட்பட. நான் வராமல் போனதற்காக வருத்தப்பட்டான். மாதா கோயில் வாசலில் பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமாவது தவற விட்டுவிடாதே மகனே" என்றார். பாதிரியார் அண்ணாச்சி! அவர் மூன்றாவது வரிசையில் நின்றார், நான் பார்த்தேன். தவக்காலத்தில் பொய் சொல்கிறார். அவ்வளவு பேர் சேர்ந்தாற்போல் பொய் சொல்லி நான் எங்கும் கண்டதில்லை. நம் ஊரில் நான்கு பேரை ஒரே மாதிரி சாட்சி சொல்ல வைக்க முடியுமா?

யூலாவிடம் முறையிட்டேன். "அன்னிக்கு நீ மாடியில தூங்கிட்டிருந்தேன்னு நினைச்சேன்" என்றாள். மீன்குழம்பு கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் ஒரு கிண்ணம் கொடுத்தாள், காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். கத்பர்ட் தினமும் சாயங்காலம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முக்குக்குப் போனார். அவர் வந்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள். பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை, அவர்கள் பேசுவார்கள், அவர் தலையாட்டுவார். குரல் எங்கே என்று ஒரு பயல் கேட்கவில்லை. ஒரு நாள் நானும் கூடப் போனேன். எனக்கும் ஒரு பீர் வந்தது. எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார்கள்.

பொறுக்க முடியாமல் லெஸ்டர் கடைக்கே போனேன். அவன் கோணி ஊசியால் மெத்தையின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"லெஸ்டர், உன் கையாலேயே என்னைப் பிடித்து அமுக்கினாய். நீயாவது உண்மையைச் சொல்."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "அன்னிக்கு கத்பர்ட் குரலு கொஞ்சம் மாறியிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணினா மாறத்தானே செய்யும்" என்றான்.

"அது என் குரல்."

"நல்ல குரலு. அவருகிட்டச் சொல்லு, மீன் நடந்து போற இடத்துல அடுத்த வருஷம் கொஞ்சம் நிதானமாப் பேசச் சொல்லு. ஜனம் சிரிச்சு முடிக்கட்டும், அப்புறம் அடுத்ததை எடுக்கணும். அந்தக் கடைசி ரெண்டு வரி இருக்கே, அதை வச்சுக்கச் சொல்லு. அவரு சரக்கு மாதிரியே இல்ல, ஆனா நல்லா இருக்கு."

"அதை நீயே அவரிடம் சொல்லேன்" என்றேன்.

"நான் அவருக்கு எதிரியில்லா? எப்படிச் சொல்லுவேன்?" என்று அடுத்த ஊசியைக் கோத்தான். எனக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டை இன்னொருத்தருக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடமே கொடுத்தனுப்புகிறான். இப்படிப்பட்ட மனிதர்கள்.

ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமை, வராந்தாவில் கத்பர்ட்டும் நானும் பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தோம். நம் துவரைதான், அவர்கள் பச்சையாகவே சோற்றில் போட்டு வேகவைப்பார்கள். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பத்திரிகைக்காரி. பெயர் கேமில் வீராசாமி. பாட்டன் பூட்டன் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கரும்புக்காட்டுக்குப் போன குடும்பம் போல. தமிழில் ஒரு சொல் தெரியாது. "அங்கிள், வீராசாமின்னா என்ன அர்த்தம்?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டாள். விளக்கமாகச் சொன்னேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான். அந்தத் தீவில் முதல் முறையாக ஓர் ஆள் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் கேட்கிறது.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். கார்னிவல் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் அவளிடம் சொன்னாராம், அந்த முக்கில் கொள்ளைக்காரனின் அங்கிக்குள்ளிருந்து இன்னொரு ஆள் தலையை நீட்டிப் பெயரும் ஊரும் சொன்னதாக. தெருவில் விசாரித்தாளாம், ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"உண்மைன்னா பெரிய செய்தி அங்கிள். குரல் கொடுத்தவர் பேரு, படம், அவரு ஊரு, எல்லாம் முழுப் பக்கத்துக்குப் போடுவோம். அதோட, இரவல் குரல்ல அந்த முக்கை ஜெயிச்சது செல்லுமான்னும் கேக்கணும்" என்றாள்.

நான் எத்தனை வாரமாக இப்படி ஒரு ஆளுக்காகக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பதில் ஆயத்தமாக இருந்தது, இங்கிலீஷில், பத்தி பிரித்து. குளித்துத் திருநீறு பூசி, படம் எடுக்கத் தோதாக நல்ல சட்டைதான் போட்டிருந்தேன், தற்செயலாக.

கத்பர்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. துவரை உரித்துக்கொண்டே இருந்தார். பொலபொலவென்று பருப்பு கிண்ணத்தில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. கையில் ஒரு காய் இருந்தது, அதை உரிக்கவில்லை. யூலா அடுப்படியிலிருந்து வாசல்வரை வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. கேட்டுக்கு வெளியே டபுள்ஸ்காரன் சைக்கிளை நிறுத்திக்கொண்டு எதையோ கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

"அங்கிள், அது நீங்கதானே?" என்றாள் அந்தப் பெண்.

அந்தத் திங்கட்கிழமை நான் ஆலையில் வேலையில் இருந்தேன் என்று சொன்னேன்.